ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பது எப்படி

முதலில் வரியை முடிவு பண்ணாதீர்கள், செலவை முடிவு பண்ணுங்கள். பந்தல், மைக் செட், மேளம், பூ, அன்னதானம், பூசாரிக்குத் தட்சிணை எல்லாம் எழுதிக் கூட்டி, போன வருடக் கையிருப்பைக் கழித்துவிட்டு, மீதியைத் தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணமாக செலவு 3,60,000 ரூபாய், கையிருப்பு 60,000, தலைக்கட்டு 150 என்றால், தலைக்கட்டுக்கு 2,000.

தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் கல்யாணம் ஆன ஆண் தலைமையில் உள்ள குடும்பம். சண்டை வருவது இங்கேதான். புதிதாகக் கல்யாணம் ஆனவர் இந்த வருடமா அடுத்த வருடமா, அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கும் மகன் தனி வரியா, சென்னையிலோ துபாயிலோ இருப்பவர் கணக்கில் உண்டா என்பதையெல்லாம் ஊர்க்கூட்டத்திலேயே பேசி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கணவரை இழந்த பெண்களிடம் பல ஊர்களில் வரி வாங்குவதில்லை, அல்லது பாதிதான். சரி, ஆனால் அவர்களாக விரும்பிக் கொடுத்தால் மறுக்காதீர்கள், முழு மரியாதையோடு வாங்கி ரசீது போடுங்கள், அது அவர்களுக்கும் சாமிதான்.

கட்ட முடியாதவருக்குத் தவணை கொடுங்கள். பாக்கிக்காரர் பெயரை மைக்கில் வாசிப்பதோ பிரசாதத்தை நிறுத்துவதோ கூடவே கூடாது.

பணத்தை ஒருவர் வீட்டில் வைக்காமல் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கில் போடுங்கள். அப்புறம், சாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடும்போது கேட்ட தொகை பெரும்பாலும் கடனாகத்தான் நிற்கும், அதைக் கையில் வரும்வரை வரவில் எழுதாதீர்கள். திருவிழா முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டிவிடுங்கள்.