பிள்ளைகளோடு மலையேற சிதறால் போதும்

குமரி மாவட்டத்தில் குடும்பத்தோடு மலை ஏறணும்னா எல்லாரும் முதலில் மருந்துவாழ்மலையைத்தான் சொல்வாங்க. பத்து வயசுக்கு மேல பிள்ளைகள்னா சரி. சின்னவங்களும் மூட்டுவலிக்காரங்களும் கூட வந்தா, மார்த்தாண்டம் பக்கத்துல இருக்கிற சிதறாலுக்குப் போங்க. கீழேயிருந்து மேல வரைக்கும் கல் பாவிய பாதை, இருபுறமும் கொல்லாமரங்கள் (முந்திரி மரங்கள்), அங்கங்கே உட்காரப் பாறை. மெதுவா ஏறினாலும் அரை மணி நேரம்தான். மேலே பாறையில செதுக்கிய தீர்த்தங்கரர்களோட, அதாவது சமண சமய குருமார்களோட உருவங்கள் வரிசையா இருக்கும். தலைக்கு மேல முக்குடை, அதாவது மூணு அடுக்குக் குடை, இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. பிள்ளைகள் களைப்பையே மறந்து ஒவ்வொண்ணா தேடுவாங்க.

வெயில் ஏறினா பாறை சுடும். காலை எட்டு மணிக்குள்ள ஏற ஆரம்பிச்சா நல்லது. மேலே கடை கிடையாது, தண்ணியை ஆளுக்கொரு பாட்டிலா பிரிச்சுக் கொடுத்திடுங்க. மட்டி வாழைப்பழமும் அவிச்ச கடலையும் போதும். சிப்ஸ் பாக்கெட்டைக் கையில தொங்கவிட்டு மருந்துவாழ்மலை ஏறாதீங்க, குரங்கு பறிச்சிட்டுப் போயிடும்.

காட்டுப் பகுதியான காளிகேசம், கீரிப்பாறை பக்கம்னா வனத்துறை அனுமதி உண்டான்னு முதலில் விசாரிங்க. மழைக்காலத்துல அங்கே ரத்தம் உறிஞ்சுற அட்டை இருக்கும். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள்ள சொருகிட்டு, கொஞ்சம் உப்பைத் துணியில முடிஞ்சு வச்சுக்கோங்க. கடிச்சா பிடிச்சு இழுக்காம உப்பைத் தொட்டு வச்சா தானா விழும். ஓடைத் தண்ணி கலங்கி ஏறினா உடனே கரையேறிடுங்க, மேலே மழை பெய்யுதுன்னு அர்த்தம்.