ஜப்பானின் குளிர்காலம்: பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் டோக்கியோ போனால் பனி பார்க்கலாம் என்று நம்பி விமானச்சீட்டு எடுப்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. டோக்கியோவின் குளிர்காலம் வறண்டது. வானம் நாள்கணக்கில் நீலமாகவே இருக்கும். சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. நாட்டின் நடுவே நீளும் மலைகளில் மோதியதும் அந்த ஈரத்தையெல்லாம் மேற்குப் பக்கத்தில் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே, டோக்கியோ பக்கம் வருவது காய்ந்த காற்று மட்டும்தான்.

ஆகவே பனி வேண்டுமென்றால் ஹொக்கைடோ, அகிதா, யமகாதா, நீகாதா, நாகானோவின் வடபகுதி, ஷிரகவா-கோ என்று திட்டமிட வேண்டும். ஃபூஜி மலையைத் தெளிவாகப் பார்க்க ஆசையென்றால் டோக்கியோ பக்கமே சரி. கோடையில் மேகத்துக்குள் மறைந்துகொள்ளும் அந்த மலை, குளிர்காலக் காலைகளில்தான் முழுதாகத் தெரியும்.

மாதத் தேர்விலும் சறுக்குகிறார்கள். ஹொக்கைடோவின் சப்போரோ நகரப் பனித் திருவிழா பிப்ரவரித் தொடக்கத்தில் நடப்பது. யமகாதாவின் ஸாவோ மலையில் மரங்கள் பனி மூடிப் பூதங்களைப்போல் நிற்கும் காட்சியும், ஹொக்கைடோவின் அபாஷிரிக் கடலில் மிதந்துவரும் பனிப்பாளங்களும் பிப்ரவரியில்தான் நன்றாக இருக்கும். அகிதாவின் யொகோதே ஊரில் நடக்கும் கமகுரா விழா, அதாவது பனியைக் குடைந்து அமைத்த குடில்களுக்குள் விளக்கேற்றும் விழா, பிப்ரவரி நடுவில் இரண்டே நாள். ஷிரகவா-கோ கிராமத்தின் இரவு விளக்கொளி நிகழ்ச்சியும் சில நாள்களுக்கு மட்டுமே. முன்பதிவு இல்லாமல் போனால் பார்க்க முடியாது. கமிகோச்சி பள்ளத்தாக்கும் தாதேயாமா மலைப்பாதையும் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். இணையத்தில் அவற்றின் படத்தைப் பார்த்துவிட்டு ஜனவரித் திட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

புத்தாண்டு வாரம்

ஜப்பானியருக்குப் புத்தாண்டு குடும்பத்தோடு வீட்டில் கழிக்கும் பண்டிகை. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அருங்காட்சியகங்கள், சிறு உணவகங்கள், அரசு அலுவலகங்கள் பலவும் மூடியிருக்கும். வங்கிகள் டிசம்பர் 31-லிருந்தே அடைத்துவிடும். கையில் யென் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கிராமப்புறப் பேருந்துகளில் ரொக்கம் மட்டுமே வாங்குவதும் உண்டு. இந்த நெரிசல் நாள்களில் நொஸோமி என்னும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்ற பழைய அறிவுரை அப்போது செல்லாது.

டிசம்பர் 31 இரவு பௌத்தக் கோவில்களில் மணியை 108 முறை அடிப்பார்கள். ஜனவரி முதல் மூன்று நாள்களில் ஆண்டின் முதல் வழிபாடான ஹட்சுமோதே. டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டும் இந்த மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள். ஜப்பானின் பூர்வ சமயமான ஷிண்டோவின் ஆலயத்தில் இரண்டு முறை தலைவணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்குவது பொதுவான முறை. பௌத்தக் கோவிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வாசலில் சிவப்புத் தோரி வளைவு இருந்தால் பெரும்பாலும் அது ஷிண்டோ ஆலயம்.

உடையும் நடையும்

கனமான ஒரே கோட்டை நம்பிப் போகாதீர்கள். ரயிலிலும் கடையிலும் வெப்பமூட்டி பலமாக ஓடும். உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் குளிர் எலும்பில் இறங்கும். உடலை ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத சட்டை என்று அடுக்காக அணிந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். அது வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாது. காய்ரோ என்னும் சூடேறும் பொட்டலத்தை உடையின் மேல்தான் ஒட்ட வேண்டும். தோலில் நேராக ஒட்டினாலோ ஒட்டியபடி தூங்கினாலோ, சூடு குறைவாகத் தோன்றினாலும் மெல்லப் புண்ணாக்கிவிடும்.

சப்போரோவில் அதிகம் வழுக்குவது சாலையைக் கடக்கும் இடம். வாகனச் சக்கரங்கள் பனியை அழுத்தி அழுத்திக் கண்ணாடியாக்கியிருக்கும். சிறு அடி வைத்து, பாதம் முழுதும் பதியும்படி நடக்க வேண்டும். கையைப் பைக்குள் விடக் கூடாது. சில முனைகளில் தூவுவதற்கான மணல் பெட்டிகளில் இருக்கும். யாரும் எடுத்துத் தூவலாம். காலணியில் மாட்டும் வழுக்குத் தடுப்பானை ஊர் வந்து இறங்கியதும் வாங்கிவிடுங்கள். டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் திட்டத்தில் கணக்கிடுங்கள். பனிப்புயலில் ரயிலும் விமானமும் ரத்தாவது வழக்கம். நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவே அந்த விமான நிலையம் உள்ள ஊருக்கு வந்துவிடுவது நல்லது.

ஒன்சென் குளியல்

குளிர்காலப் பயணத்தின் உச்சம் இந்த வெந்நீர் ஊற்றுக் குளியல். தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்குவதற்கு அல்ல. முதலில் சுவரோரக் குழாய் முன் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் குளிக்க வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அப்போதே போக்கிவிடுங்கள். நீண்ட கூந்தலை உயர்த்திக் கட்டுங்கள். சிறு துண்டு தொட்டி நீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் நீச்சலுடைக்கு அனுமதியில்லை. கூச்சமிருந்தால் கஷிகிரி எனப்படும் தனிக்குளியலறையை முன்பதிவு செய்யுங்கள். பச்சை குத்தியவர்களுக்கும் அதுவே வழி. கொலுசும் மெட்டியும் வெள்ளியானால் அறையிலேயே கழற்றி வையுங்கள். கந்தக நீர் பட்டால் கறுத்துவிடும்.

நீர் பொதுவாக 40 முதல் 42 டிகிரி இருக்கும். குளிர்ந்த அறையிலிருந்து நேரே அதில் இறங்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று மாறும். பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறகு இறங்குங்கள். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. பெரியவர்களைத் தனியாக விடாதீர்கள். குளித்தபின் அணியும் யுகாதா என்ற மெல்லிய அங்கியில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே மடிப்பது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

ரியோகான் எனப்படும் மரபுவழி விடுதிகளில் இரவு உணவுக்கு நேரம் உறுதி. பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு மணி. தாமதமானால் உணவு கிடைக்காமலே போகலாம்.

சைவ உணவு உண்பவர்கள் கண்ணில் மீன் துண்டு தெரியவில்லை என்று நம்பிவிடக் கூடாது. மிசோ சூப், சோபா, உதோன் நூடுல்ஸ், சாற்றில் வேகவைத்த ஓதென், பானையில் கொதிக்கும் நாபே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தாஷி சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் செய்தது. பொரித்த டோஃபு பைக்குள் சோறு அடைத்த இனாரியிலும் அது இருக்கலாம். அறை பதிவு செய்யும்போதே மீன் சாறும் கூடாது என்று எழுதிவிடுங்கள். அன்று மாலை சொன்னால் சமையலறையால் மாற்ற முடியாது. கோயாசான் மலைக் கோவில் விடுதிகளில் ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் சைவச் சமையல் கிடைக்கிறது. தெருவில் பசித்தால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கான யாகிஇமோ, சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சியான ஸென்ஸாய் இரண்டும் பொதுவாகச் சைவம். அமஸாகே என்னும் சூடான இனிப்புப் பானம் இரண்டு வகை: அரிசியும் நொதிக்கவைக்கும் பூஞ்சையான கோஜியும் சேர்த்துச் செய்ததில் மது இல்லை; அரிசி மதுவான சாகேயின் மண்டியில் செய்ததில் சிறிது இருக்கும். குழந்தைக்கு வாங்கும் முன் எது என்று கேளுங்கள்.