தானியங்கி எஃப்டிபி லாக்கைச் சரிபார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1988-இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வெளிவந்து, இன்று ஐபிஎம் ஐ என்ற இயங்குதளத்தில் ஓடும் ஐபிஎம் கணினிகளில், ஆளில்லாத நேரத்தில் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற முறை) வழியாகக் கோப்புகளை அனுப்பும் வேலை பெரும்பாலும் ஒரே பாணியில்தான் எழுதப்படுகிறது. எஃப்டிபி கட்டளைகளை ஒரு சோர்ஸ் மெம்பரில் (வரிகளைச் சேமிக்கும் கோப்பின் உட்பகுதி) வைத்து, ஓவிஆர்டிபிஎஃப் என்ற கோப்பு மாற்றுக் கட்டளை மூலம் அதை இன்புட்டாகவும் மற்றொரு மெம்பரை அவுட்புட்டாகவும் மாற்றிவிட்டு, சிஎல் என்ற கட்டளை மொழியில் எழுதிய நிரலிலிருந்து எஃப்டிபியை அழைக்கிறோம். எஃப்டிபி கட்டளை சிக்கலின்றி முடிந்துவிட்டால் கோப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புவதுதான் இதில் மிகப் பெரிய தவறு. எதிர்முனைச் சர்வர் கடவுச்சொல்லை மறுத்திருந்தாலும், கோப்பை ஏற்காமல் திருப்பியிருந்தாலும், அந்தக் கட்டளை இயல்பாகவே முடிவதால், பிழைச் செய்திகளைப் பிடிக்கும் மான்எம்எஸ்ஜி கட்டளை பிடிப்பதற்கு அங்கே எந்தச் செய்தியும் எழாது. நடந்தது என்ன என்பதை லாக், அதாவது பதிவேடாக அமையும் அவுட்புட் மெம்பர்தான் சொல்லும்.

அதைப் படிக்கும் நிரலை எழுதுபவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, பிழைக் குறியீடுகளை மட்டும் தேடுவது. 1985-இல் வெளியான எஃப்டிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 959-இன்படி, சர்வரின் மூன்று இலக்கப் பதில்களில் 4-இல் தொடங்கும் பதில் தற்காலிகத் தோல்வியையும் 5-இல் தொடங்கும் பதில் நிரந்தரத் தோல்வியையும் குறிப்பதால், 425, 530, 550 ஆகியவை இல்லையென்றால் எல்லாம் நலம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் சர்வருடன் தொடர்பே கிடைக்காதபோது மூன்று இலக்கப் பதில் எதுவும் வராது. அனுப்ப வேண்டிய கோப்பு நம் கணினியிலேயே இல்லாதபோதும், சர்வரிடம் எதுவும் கேட்கப்படாமல், வெறும் வாக்கியமாக ஒரு செய்தி மட்டுமே பதிவாகும். ஆகவே பிழை இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாமல், வெற்றிக்கான வரி இருக்கிறதா என்று தேடுவதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

அந்த வெற்றி வரியைத் தேடுவதிலும் கவனம் தேவை. பரிமாற்றம் முடிந்ததற்கு 226, 250 ஆகிய இரண்டில் எதையும் சர்வர் அனுப்பலாம். அதே 250, டைரக்டரி மாற்றியதற்கும் கோப்பை நீக்கியதற்கும் பதிலாக வருவதால், 250-ஐ எண்ணிப் பார்த்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. கோப்பை அனுப்பும் ஒவ்வொரு புட் கட்டளைக்கும் பின்னால், அடுத்த கட்டளைக்கு முன்பு, பரிமாற்றம் முடிந்ததற்கான பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறியீட்டை வரியின் எந்த இடத்திலும் தேடுவதும் ஆபத்து: 22650 பைட்டுகள் அனுப்பப்பட்டன என்ற வரியில் 226 இருக்கிறது, 550 என்ற எண் கோப்பின் பெயரிலேயே இருக்கக்கூடும். வரியின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டு, நான்காவது இடத்தில் இலக்கம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு சிஎல்ஆர்பிஎஃப்எம் கட்டளை மூலம் அவுட்புட் மெம்பரைக் காலியாக்குங்கள். எஃப்டிபி தொடங்கும் முன்பே வேலை நின்றுவிட்டால், நேற்றைய வெற்றி வரிகளை இன்றைய வெற்றியாக நிரல் எடுத்துக்கொள்ளும்.

226 வந்த பிறகும் கோப்பு பயன்படாமல் போகும் நிலை ஒன்று உண்டு. கோப்பை மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொல்லும் பைனரி கட்டளை விடுபட்ட ஸ்கிரிப்டில் (எஃப்டிபி கட்டளைப் பட்டியல்) சேவ் ஃபைல் (சேமிப்புக் கோப்பு) ஒன்றை அனுப்பினால், இந்தக் கணினியின் எப்சிடிக் குறிமுறையிலிருந்து ஆஸ்கிக்கு நடக்கும் எழுத்து மாற்றம் அதைச் சிதைத்துவிடும். சர்வரோ வழக்கம்போல் வெற்றி என்றே பதிலளிக்கும். சேவ் ஃபைல் செல்லும் வேலைகளில், பரிமாற்றத்துக்கு முன்பாகப் பைனரி வகை ஏற்கப்பட்டதற்கான 200 பதில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் நிரல் சோதிக்க வேண்டும். அனுப்பப்பட்ட பைட் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

தோல்வி தெரிந்ததும் அதை க்யூசிஸ்ஓபிஆர் என்ற கணினி இயக்குநருக்கான செய்தி வரிசையில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதும் போதாது, ஏனெனில் அந்த வரிசையில் நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவில் அது கண்ணில் படாமலே போகலாம். வேலைக்குப் பொறுப்பானவருக்கு நேரடியாகச் செய்தி செல்லட்டும். தோல்வியுற்ற வரியும் அதற்கு முந்தைய கட்டளையும் அந்தச் செய்தியிலேயே இருந்தால், அவர் மெம்பரைத் திறந்து தேட வேண்டியிருக்காது.