தண்டனை கிடைத்தால் ஓய்வூதியம் போய்விடுமா? தென்னாப்பிரிக்க அரசு ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு வேலையில் இருந்தவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்துவிட்டால் அவருடைய ஓய்வூதியம் தானாகவே பறிபோய்விடும் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர்களில் பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்வதை வைத்து இந்த முடிவுக்கு வருவது முதல் தவறு. இந்தியாவில் ஓய்வு பெற்ற பிறகும் நன்னடத்தை என்பது ஓய்வூதியத்தின் நிபந்தனையாகவே தொடர்கிறது. கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரின் ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்திவைக்க அங்கே விதி இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் அடிப்படை வேறு.

இங்கே அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டமும், தனியார் நிதிகளுக்கும் பல நகராட்சி நிதிகளுக்கும் 1956-ஆம் ஆண்டு ஓய்வூதிய நிதிகள் சட்டமும் பொருந்துகின்றன. இரண்டுமே உறுப்பினரின் பணத்தைப் பொதுவாகப் பாதுகாத்து, சில விதிவிலக்குகளை மட்டும் அனுமதிக்கின்றன. முதல் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் இரண்டாவதன் 37டி பிரிவும் குற்றத்துக்குத் தண்டனையாக ஓய்வூதியத்தைப் பறிப்பதில்லை. வேலை கொடுத்தவருக்கு ஏற்பட்ட இழப்பின் அளவுக்கு அதிலிருந்து பிடித்தம் செய்யவே இடமளிக்கின்றன. பதவியின் பலன்களையே இழக்கும் நிலை நாட்டின் அதிபருக்கு உண்டு: சட்டத்தைக் கடுமையாக மீறியதற்காக அரசியலமைப்பின் 89-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் அவரை நீக்கினால் எந்தப் பலனும் கிடைக்காது. சாதாரண எழுத்தருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு கையெழுத்து தொடர்பானது. பிடித்தம் செய்வதற்கு இரண்டே வழிகள் உள்ளன: இழப்புக்குத் தாமே பொறுப்பு என்று ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொள்வது ஒன்று, நீதிமன்றத்தின் வழியாக நிலைநாட்டுவது மற்றொன்று. ஒரு பள்ளியின் வசூலைக் கவனித்த எழுத்தர் 80,000 ராண்ட் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கணக்கில் குறையும் மொத்தத் தொகை 210,000 ராண்ட் என்று எழுதிய ஒரு தாளை மேசையில் வைத்து, ‘கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்’ என்கிறார்கள். அவமானத்துக்கு அஞ்சி அவர் கையெழுத்திட்டால், எடுக்காத 130,000 ராண்டுக்கும் சேர்த்துப் பிடித்தம் செய்ய அந்தத் தாளே ஆதாரமாகிவிடும். குற்ற வழக்கு வராது என்பதற்கும் அதில் எந்த உறுதியும் இருக்காது. தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ வழக்கறிஞரிடமோ காட்டாமல், எந்தத் தொகை எந்த நாளில் எப்படிக் குறைந்தது என்ற கணக்கைக் கேட்டு வாங்காமல், அத்தகைய தாளில் கையெழுத்திடவே கூடாது.

தாம் எந்த நிதியின் உறுப்பினர் என்பதைப் பார்க்காமல் விடுவதும் பலர் செய்யும் தவறு. 37டி பிரிவில் வரும் ‘தவறான நடத்தை’ என்பதில் நேர்மையின்மை இருந்தாக வேண்டும் என்று ஸ்காட்பர்க்–உம்சிண்டோ உள்ளாட்சி மன்றம் தொடர்பான வழக்கில் டர்பன் நீதிமன்றம் 2000-இல் விளக்கியது. ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நகராட்சி ஊழியர் வெறும் கவனக்குறைவால் வண்டியைச் சேதப்படுத்தினால் அதற்காக ஓய்வூதியத்தில் கைவைக்க முடியாது. அரசு ஊழியர் நிதியின் சட்டமோ கவனக்குறைவையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தைத் தம் வழக்குக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ராஜினாமா செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் தவறான கணக்கு. ஒழுங்கு விசாரணைக்கு அறிவிப்பு தரப்பட்ட பிறகு ராஜினாமாவுக்கான முன்னறிவிப்புக் காலத்தைக் குறைக்கத் துறை சம்மதிக்கக்கூடாது என்று அரசு ஊழியர்களுக்கான பொதுப்பணிச் சட்டத்தின் 16பி பிரிவு சொல்கிறது. மேலும், ஊழியர் விலகும்போது நிதியிலிருந்து பணம் வெளியே வருகிறது. பிடித்தம் நடப்பதும் பொதுவாக அப்போதுதான்.

துறைகளும் தவறு செய்கின்றன. பணம் ஊழியரின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு 37டி பிரிவால் பயனில்லை. வழக்கு முடியும்வரை பணத்தை நிறுத்திவைக்க நிதிக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் ஹைவெல்ட் ஸ்டீல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் இரு தரப்பின் நலனையும் எடைபோட்டே அதைச் செய்ய வேண்டும், வேலை கொடுத்தவர் வழக்கை இழுத்தடிக்கவும் கூடாது. குற்றத் தீர்ப்பு வந்தாலே போதும் என்று சும்மா இருப்பதும் பிழையே. தண்டனை வழங்கும் நீதிமன்றத்திடமே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின்படி இழப்பீட்டு உத்தரவைக் கேட்டுப் பெற்றால் அது உரிமையியல் தீர்ப்புக்குச் சமமாகும். கேட்காமல் விட்டால் பொதுமக்களின் பணத்தை மீட்கத் தனி வழக்கு நடத்த வேண்டிவரும்.

பணம் முறையின்றி நிறுத்தப்பட்டதாகக் கருதும் குடும்பங்கள் தவறான வாசலில் காத்திருந்து காலத்தை இழந்துவிடக்கூடாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள நிதி என்றால் முதலில் அந்த நிதிக்கே எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும், பிறகு ஓய்வூதிய நிதிகள் தீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குப் பொதுவாக 3 ஆண்டுக் கெடு உண்டு. அரசு ஊழியர் நிதியின் மீது அந்தத் தீர்ப்பாளருக்கு அதிகாரம் கிடையாது என்பதால், அதன் உறுப்பினர்கள் அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தை அணுகலாம்.