அரும்பொருளகத்தில் முதலில் பீடத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குத் தனி வழிகாட்டியுடன் போகிறவர்கள் எல்லாத் தளங்களையும் ஓடிப் பார்க்க வேண்டாம். சமயக் கலைக் கூடங்கள் உள்ள இரண்டாம் தளத்தை மட்டும் கேளுங்கள்.

சோழர் காலச் செப்புத்திருமேனிகள் முன் நின்றதும் முகத்தைப் பார்க்கத்தான் மனம் ஓடும். முதலில் பீடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் வீதியுலாவுக்குத் தண்டு செருகும் துளைகளோ வளையங்களோ இருக்கும். கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கும் இடுப்பின் வளைவையும் அணிகலன்களையும் இங்கே முழுதாகக் காணலாம். பெரியவர்களை அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.

சிலை எந்த ஊரிலிருந்து, எப்படி வந்தது என்றும் தயங்காமல் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான்: அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடப்பட்ட உமா பரமேஸ்வரி சிலையை இந்த அரும்பொருளகம் 2015இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது.

ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.