ஒரே கழித்தலில் 7, 11, 13: கைகொடுக்கும் எண் 1001

ஓர் எண் 3-ஆல், 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுமா என்று இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். 7 வந்தால்தான் திணறுவார்கள். என்னிடம் கணக்குப் படிக்க வரும் தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்கு 7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனி விதி நான் சொல்வதில்லை. 1001-ஐ மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 7 × 11 × 13 = 1001.

பழகிப் பார்க்க நம் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு ரொம்ப வசதி. 1995-லிருந்து அது ஆறு இலக்கம். மும்மூன்றாகப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடை 7-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். 11, 13-க்கும் அதே விடை போதும்.

தேக்கா நிலையத்தின் குறியீடு 210665. 665-இல் 210 போனால் 455. அது 5 × 7 × 13. ஆக, 210665 என்பது 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. சந்தேகமா? 91-ஆல் வகுத்துப் பாருங்கள், சுத்தமாக 2315 வரும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் 218042. 218-இல் 42 போனால் 176, அதாவது 11 × 16. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 058793. 793-இல் 58 போனால் 735, அது 7 × 105. எவ்வளவு அழகாக விழுகிறது பாருங்கள்!

காரணத்தைச் சொல்லாமல் இதைக் கற்றுக்கொடுக்காதீர்கள். பிள்ளையே ஒரு தடவை தன் கையால் எழுதிப் பார்க்கட்டும்:

210665 = 210 × 1000 + 665
= 210 × 1001 − 210 + 665

210 × 1001 எப்படியும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும், அதை ஒதுக்கிவிடலாம். மிச்சம் 665 − 210 மட்டும்தான். 347347 போன்ற எண்ணில் கழித்தால் பூஜ்யம் வரும். அது 347 × 1001 என்பதால் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும்.

எட்டு இலக்கக் கைப்பேசி எண் என்றால் வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாகப் பிரியுங்கள். முதல் கூறில் இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வகுபடுமா என்று பார்க்க எதிலிருந்து எதைக் கழித்தாலும் சரி. மீதி எவ்வளவு என்று கேட்டால், வலப்பக்கத்திலிருந்துதான் இடப்பக்கத்தைக் கழிக்க வேண்டும். தேசிய நூலகத்தின் 188064-இல் திருப்பிக் கழித்தால் 124 வரும், 7-ஆல் வகுத்தால் மீதி 5. சரியாகக் கழித்தால் −124. அதோடு 7-இன் மடங்கான 126-ஐக் கூட்டினால் 2, அதுதான் உண்மையான மீதி.