மருமகள் சொல்தான் சட்டம் என்ற வீட்டில் மகனின் அம்மா செய்ய வேண்டியது

"வாயே திறக்க மாட்டேங்கிறான், எல்லாம் அவ வெச்சதுதான்" என்று ஒரு அம்மா சொன்னால், அது மூன்றில் ஒன்றாக இருக்கும். மருமகள் குடும்பம் நடத்தும் விதம் உங்களுக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். முடிவெடுக்கிற தலைவலியை மகனே அவளிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அல்லது நிஜமாகவே அவன் பயந்து வாழலாம். முதல் இரண்டில் ஏதோ ஒன்றாக இருக்கும்போது "உன்னைக் காப்பாத்துறேன்" என்று இறங்கினால் மகன் உங்களிடமிருந்து விலகுவான். மூன்றாவது நிலையில் இருப்பவனிடம் "அனுசரிச்சுப் போடா" என்றால், சொல்லி அழ ஒரு ஆள் இருந்ததும் இல்லாமல் போகும். எது என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

தெரிந்துகொள்ள ஒரு நோட்டும் நாலு வாரமும் போதும். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் நீங்களே கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலது பக்கம் மகள் சொன்னது, பக்கத்து வீட்டில் சொன்னது, நீங்களாக ஊகித்தது. தேதி போட்டு எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் வலது பக்கம்தான் முதலில் நிரம்பும். நாத்தனார் வழியாக வருகிற செய்தியில் நாத்தனாரின் மனத்தாங்கலும் கலந்தே வரும். மாதக் கடைசியில் வலது பக்கத்தை மடித்துவிட்டு இடதை மட்டும் படியுங்கள்.

அதில் "காலையில் இட்லிக்குப் பதில் ஓட்ஸ்", "ஞாயிறு பத்து மணி வரை தூக்கம்", "பாத்திரம் அவன் கழுவினான்" என்று இருந்தால் நோட்டை மூடி வையுங்கள். அவன் பாத்திரம் கழுவுவதில் அவனுக்குக் குறையில்லை, பார்க்கிற உங்களுக்குத்தான் வலிக்கிறது. உங்கள் மகள் வீட்டில் மாப்பிள்ளை பாத்திரம் கழுவினால் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வீர்கள் இல்லையா?

"அவ பணம் அனுப்ப விட மாட்டேங்கிறா" என்று இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். கைக்கு வருவது 60,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் தவணை 28,000, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் வேனும் மாதத்துக்கு 9,000, மளிகை, பால், கேஸ், கரண்ட் 14,000, பெட்ரோல், போன், இன்சூரன்ஸ் 5,000. மீதி 4,000. இதில் உங்களுக்கு 5,000 வரவில்லை என்றால் தடுப்பது மருமகள் இல்லை, கணக்கு. தவணை இல்லாத வீடாக இருந்து, சம்பளமும் தாராளமாக இருந்து, அப்படியும் அம்மாவின் மாத்திரைக்குப் பணம் வரவில்லை என்றால் கேள்வி நியாயமானது. அப்போதும் கேட்க வேண்டியது மகனை.

மகனே மருமகளைக் குடையாகப் பிடித்திருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். "அவ ஒத்துக்க மாட்டாம்மா" என்பது பல பிள்ளைகளுக்கு வசதியான பதில். அம்மாவிடம் முடியாது என்று நேராகச் சொல்லிப் பழகாதவன், கல்யாணத்துக்குப் பிறகு பழியை ஏற்க ஒரு ஆள் கிடைத்ததும் அவளைக் காட்டிவிடுகிறான். இதற்கு ஒரு சோதனை உண்டு. மருமகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை அவனிடம் கேளுங்கள். அப்பாவின் பென்ஷன் விஷயமாக பேங்குக்கு ஒரு நடை, ஊர் நிலத்துக்கு வரி கட்டுவது, இப்படி ஏதாவது. அதற்கும் மூன்று வாரம் இழுத்தடித்தால், கல்யாணத்துக்கு முன்பும் அவன் இப்படித்தான் இருந்தானா என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது நிலைக்கு அடையாளங்கள் வேறு. ஐந்நூறு ரூபாய் செலவுக்கும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறான். ஏடிஎம் கார்டும் யுபிஐ ரகசிய எண்ணும் அவளிடம் மட்டும் இருக்கின்றன. பழைய நண்பர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கழன்றுவிட்டார்கள். வீட்டுக்கு வெளியே, ஆபீஸ் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுதான் உங்களோடு பேசுகிறான், வாசல் வந்ததும் பாதி வாக்கியத்தில் போனை வைக்கிறான். உடம்பில் காயம் இருக்கிறது, காரணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. "செத்துப்போயிடுவேன்", "உன் அம்மா மேல கேஸ் கொடுப்பேன்" என்ற மிரட்டல் வாடிக்கையாக இருக்கிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருந்தால் அது அதிகாரப் பிரியம் மட்டுமில்லை.

எந்த நிலையானாலும் போன் பேச்சைச் சரிசெய்யாமல் வேறெதுவும் சரியாகாது. நம் வீடுகளில் "சாப்பிட்டியா" என்பது பாசம். அதற்கு அடுத்த கேள்வியான "என்ன சாப்பிட்ட?" சோதனை. "தோசையா? நேத்தும் தோசைதானே?" என்று மூன்றாவதாக வந்தால் அது தீர்ப்பு. போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, மருமகள் அடுப்படியில் நிற்கிறாள், மகன் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறான். அவன் குரல் சுருங்குவது அங்கேதான். "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்திவிட்டு உங்கள் செய்தியைச் சொல்லுங்கள். முருங்கை காய்த்தது, அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, தெருவில் ரோடு போடுகிறார்கள். பத்து நிமிஷத்துக்குள் "சரிப்பா, வேலையைப் பாரு" என்று நீங்களே வையுங்கள். போனை முதலில் வைக்கிற அம்மாவைப் பிள்ளை தானாகக் கூப்பிடுவான். அவன் எடுக்கவில்லை என்றால் ஒருமுறைக்கு மேல் அடிக்க வேண்டாம். ஏழு மிஸ்டு கால் அந்த வீட்டில் ஒரு ராத்திரிச் சண்டை.

அவன் தனியாக இருக்கும்போது பேசினாலும், ஸ்பீக்கர் போட்டிருப்பதாக நினைத்தே பேசுங்கள். நீங்கள் சொன்னது அன்று ராத்திரியே மருமகள் காதுக்குப் போகும். சொல்லாமல் மறைத்தால் அவனுக்கு வேறு சிக்கல். அவள் கேட்டாலும் சொல்லத் தயங்காததை மட்டும் சொல்வது பாதுகாப்பு.

நேரில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே விஷயம், ஒரே உதாரணம், இருபது நிமிஷம். விசேஷ வீட்டில் வேண்டாம், அவன் பஸ் ஏறுகிற நேரத்தில் வேண்டாம். "எப்பவுமே அவ" என்று தொடங்கினால் அடுத்த வார்த்தையிலிருந்து அவன் வக்கீலாகிவிடுவான். "போன மாசம் அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிப் போறேன்னு சொன்ன, வரலை. அடுத்த தடவை முடியலைன்னா முதல் நாளே சொல்லிடு, நான் ஆட்டோ வெச்சுக்கிறேன்" என்று சொன்னால் அவனால் பதில் சொல்ல முடியும். மூன்றாம் நிலை என்று சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியது வேறு: "உனக்கு அங்க நிம்மதியா இருக்காப்பா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் "இருக்கு" என்றால் சரி என்று விடுங்கள். அன்றைக்கு உண்மை வராது, ஆனால் கேட்ட ஆள் யார் என்பது அவனுக்கு நினைவிருக்கும். "எப்ப வேணும்னாலும் வா, ஏன்னு கேக்க மாட்டேன்" என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். அப்படி வந்துவிட்டால் நிஜமாகவே கேட்காதீர்கள்.

அடித்துக் காயமாகியிருந்தால் வீட்டு மஞ்சள்பற்றோடு நிறுத்தாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காயத்துக்கு யார் காரணம் என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஆண் மனு போட முடியாது. ஆனால் அடித்ததற்குப் பொதுவான குற்றச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். மகனோ மருமகளோ சாவதாகச் சொன்னால் நாடகம் என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். சமரசம் பேச, வக்கீலுக்குச் செலவழிப்பதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100. விவாகரத்து என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. பின்னால் அவர்கள் சேர்ந்துவிட்டால் அந்த ஒரு சொல்லுக்காக உங்களுக்கு வாசல் அடைபடும்.

உங்களையும் காத்துக்கொள்ள வேண்டும். மருமகளின் நகையோ சீர்ப் பொருளோ உங்கள் பீரோவில் இருந்தால், பொருள், எடை, எண்ணிக்கை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். சண்டை வந்தபின் கொடுக்கிற நகைக்குச் சாட்சி கிடைக்காது. சம்பந்தி வீட்டில் முறையிட வேண்டாம், அவர்கள் பெண்ணைத்தான் நம்புவார்கள், நீங்களும் அப்படித்தானே. நடுவில் ஒருவர் வேண்டுமென்றால் இரண்டு வீட்டிலும் சாப்பிடக்கூடியவராக, அதிகம் பேசாதவராக ஒரு மாமாவோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் அவசரம் வேண்டாம். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மென்ட் அப்படியில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை சாப்பாடு, மருத்துவம், தங்க இடம் தருவது நிபந்தனை என்ற வரி பத்திரத்தில் இருக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அதுதான் வலுவான பிடி. பாஸ்புக்கில் மகனைக் கூட்டுக் கணக்குதாரராக்காமல் நாமினியாக மட்டும் போடுங்கள். அதே சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தரலாம். ஆனால் மருமகள் அந்தச் சட்டத்தின் 'பிள்ளைகள்' பட்டியலில் இல்லை. அவளை நினைத்துப் போடுகிற மனு மகன் தலையில்தான் விழும். கையெழுத்துப் போடுமுன் இதை யோசியுங்கள்.

மருமகளோடு நேரடித் தொடர்பு கொஞ்சமாவது இருக்கட்டும். பருப்புப் பொடி கால் கிலோ, ஒரு பாட்டில் ஊறுகாய் அனுப்பினால் அவள் பெயரைச் சொல்லி அவள் கையில் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். "அவனுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்த டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போகும். பேரப்பிள்ளையிடம் "அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டு வாங்காதீர்கள். கேட்டதை அது அப்படியே வீட்டில் ஒப்பிக்கும்.

அவர்கள் வீட்டுக்குப் போவதானால் ஒரு வாரம் முன்பே இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். இரண்டு ராத்திரி போதும். அடுப்படியில் அவள் கேட்டால் வெங்காயம் நறுக்குங்கள், கேட்காவிட்டால் ஹாலில் உட்காருங்கள், டப்பாக்களை இடம் மாற்றி அடுக்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து, வந்த அன்றைக்கே பேச்சோடு பேச்சாகத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.